உங்கள் முகத்தில் மிளகாய் காய்கிறது, மைனி

மைனி,

இன்று காலை இரண்டு கிலோ வற்றல் மிளகாயை உங்கள் முகத்தில் கொட்டிப் பரப்பினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், நன்றாக. உங்களுக்கு நான் டிசைன் பண்ணிய கண்ணீர் அஞ்சலி பேனர் எட்டடிக்கு ஆறடி, நல்ல கனமான ஃபிளெக்ஸ். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் தம்பி அதைக் கோயில் முக்கிலிருந்து அவிழ்த்துக்கொண்டுவந்து, மடித்து, பரணில் வைத்தார். எட்டு மாதமாக அங்கேயே கிடந்தது. மிளகாய் காயப்போட வேறு விரிப்பு இல்லாமல் இல்லை. நான் வேலை பார்ப்பதே ஃபிளெக்ஸ் கடையில், கேட்டால் ஓனர் அண்ணாச்சி பழைய பேனர் பத்துகூடத் தருவார். ஆனால் நான் ஸ்டூல் போட்டு ஏறி உங்களைத்தான் எடுத்தேன்.

மொட்டைமாடியில் விரித்ததும் வெயில் பட்டு அந்த மை வாசம் எழும்பியது. அடித்து ஒன்பது மாதமாகியும் போகவில்லை. மிளகாய் நெடியும் அதுவும் சேர்ந்து மூக்கில் ஏற, நான் உங்கள் நெற்றிப் பக்கம் குத்தவைத்துக்கொண்டு தும்மித் தீர்த்தேன். ஏன் இன்றைக்கு, இத்தனை நாள் கழித்து என்று கேட்பீர்கள். நேற்று மத்தியானம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்லாமல் நான் விடப்போவதில்லை. நீங்கள் இருந்தவரை என்னைப் பேச விட்டீர்களா? இப்போது கேளுங்கள்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு மில்லர்புரத்திலிருந்து நான் இந்தத் தெருவுக்கு வந்தேன். மில்லர்புரத்தில் வீடு தேடி வருகிறவர்களுக்குக் கதவு எண் போதும். உங்கள் தெருவில் கதவு எண் கரண்ட் பில்லுக்கு மட்டும்தான். ஒரே புனிதரின் பேரில் ஏழு ஆண்கள் இருக்கிற தெரு, அதனால் ஆளுக்கொரு பட்டப்பேர். அதில் பாதி நீங்கள் வைத்தது. பூசைக்கு எப்போதும் இரண்டாவது மணி அடித்த பிறகே ஓடிவருகிறவர் ‘ரெண்டாம்மணி’. பேச்சின் நடுவில் கண்ணை மூடிக்கொள்கிறவர் ‘பவர்கட்’. போன் வந்தால் மாடிக்கு ஓடுகிற பெண் ‘டவர்’. நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் அது மீன்காரி வாயில் இருக்கும். வந்த புதிதில் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன், மறைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் பட்டப்பேர் கிடையாது. உங்கள் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் வைக்கவில்லை.

எனக்கு மூன்றாவது பிறந்த அன்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தீர்கள். “மூத்தது பொண்ணு, அடுத்தது பையன். கணக்கு சரியாப் போச்சுல்லா. இது என்னளா, கொசுறா?”

வார்டே சிரித்தது. காய்கறி வாங்கினால் கடைக்காரர் சும்மா அள்ளிப்போடுவாரே, அந்தக் கொசுறு. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பாதி சிரித்தேன். அந்தப் பாதிச் சிரிப்புக்கு இன்றுவரை என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

மெர்லின் என்று நான் ஆசைப்பட்டு வைத்த பேர். ஞானஸ்நானத்தில் சாமியார் அந்தப் பேரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினார். கோயில் வாசலைத் தாண்டும் முன்பே, “கொசுறுக்குக் குளிருது பாரு, துண்டை எடுங்க” என்றீர்கள். அதோடு முடிந்தது. ஆட்டோக்காரர் கொசுறு என்றார். ரேஷன் கடையில் கொசுறு. என் சொந்த அம்மா மில்லர்புரத்திலிருந்து போன் பண்ணி, “கொசுறு என்ன செய்தா?” என்று கேட்டபோது நான் போனைக் கட்டிலில் வீசினேன்.

ஒரு நாள் உங்களிடம் நேராகவே கேட்டேன். நீங்கள் உங்கள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“மைனி, பிள்ளைய பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

“பேர் சொல்லித்தானளா கூப்பிடுதேன்.”

“அது பேரா? நான் வெச்ச பேரு மெர்லின்.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள். “நீ வெச்ச பேரு சர்டிபிகேட்டுல கெடக்கும். நான் வெச்ச பேரு நிக்கும்ளா.”

சட்டி நிறைய இறால், அதற்கு மேல் உங்கள் சிரிப்பு. அன்றைக்குச் சட்டியைக் கவிழ்த்திருந்தால் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு புழுங்கியிருக்க மாட்டேன். கவிழ்க்க முடியாது. ஏன் முடியாது என்று உங்களுக்கும் தெரியும்.

காலையில் என் வீடு இருக்கிற லட்சணத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்டவர் நீங்கள். எட்டு பத்துக்கு ஸ்கூல் வேன். எட்டு மணிக்கு மூத்தவள் ஜெனிட்டா, ஒரு சடை மேலே ஏறிவிட்டது, இன்னொன்று கீழே தொங்குகிறது, பிரித்துப் பின்னு என்று நிற்பாள். ரெக்சனுக்கு ஒரு ஷூ இருக்கும், ஒரு ஷூ இருக்காது. சின்னவள் அந்த நேரம் பார்த்துக் கக்கூஸில் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, முடிஞ்சிட்டு!” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். உங்கள் தம்பி ஆறு மணிக்கே ஹார்பர் ஷிப்ட்டுக்குப் போயிருப்பார். மூன்று டப்பாவையும் மூடி, மூன்று பேரையும் வேனில் திணித்து, ஒன்பதரைக்கு நான் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும். திரும்பி வர ஆறரை ஆகும். நான்கு மணிக்கு வேனை விட்டு இறங்கிய பிள்ளைகள் அதுவரை உங்கள் வீட்டில்தான். கேட்டு வாங்கிய உதவிகூட இல்லை. முதல் நாளே நீங்கள் வேன் பக்கத்தில் போய் நின்றீர்கள்.

பேரு வெச்சியே, சோறு வெச்சியா என்று ஊரில் கேலியாகக் கேட்பார்கள். நீங்கள் இரண்டும் வைத்தீர்கள். அதுதான் எனக்கு வந்த சனியன். வெறும் பேரை மட்டும் வைத்திருந்தால் தலைமுடியைப் பிடித்து ஒரு வழி பண்ணியிருப்பேன். சோறும் போடுகிறவளை என்ன செய்ய? பொரித்த மீனில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துண்டு வைப்பீர்கள். பிறகு சட்டியில் மிச்சமிருக்கும் மொறுமொறு வால் துண்டை எடுத்து, “கொசுறுக்கு ஒரு கொசுறு” என்று சின்னவள் கையில் வைப்பீர்கள். நான் ஒரு நாள் சீக்கிரம் வந்து கதவுப் பக்கமிருந்து பார்த்தேன். நீங்கள் அந்தப் பேரைச் சொன்னதுமே அவள் உள்ளங்கை தானாக விரிந்தது. எனக்கு அப்படி எரிந்தது.

எல்.கே.ஜி.யில் சேர்த்த முதல் வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பேர் கேட்டால் பிள்ளை கொசுறு என்கிறாளாம், வகுப்பே சிரிக்கிறதாம். வீட்டில் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றார். சொல்லிக்கொடுத்தேன். பத்துத் தடவை மெர்லின், மெர்லின் என்று சொல்ல வைத்தேன். பதினோராவது தடவை, “அது ஸ்கூல் பேரும்மா” என்றாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் அவள் அப்பாவோடு காய்கறிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டு, “இது கொசுறு பாப்பா, காசு கிடையாது” என்று அவளையும் இலையையும் சேர்த்துக் கேலி பண்ணியிருக்கிறார். அன்றைக்குச் சோறு போட்டபோது ரெக்சன் ரசத்திலிருந்த கறிவேப்பிலையை எடுத்துத் தட்டு ஓரத்தில் ஒதுக்கினான். இவள் எட்டி அதை எடுத்து வாயில் போட்டாள். அக்காள் தட்டிலிருந்ததையும் எடுத்தாள். என் தட்டிலிருந்தும்.

“ஏளா, அது கசக்கும். துப்பு.”

“தூரப் போடாதம்மா. பாவம்.”

நாலரை வயது, மைனி. கொசுறு என்றால் சும்மா வருவது, சாறு இறங்கினதும் எடுத்து எறிவது என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தட்டில் ஒரு கறிவேப்பிலை மிஞ்சுவதில்லை. மென்று, முகம் சுளித்து, தண்ணீர் குடித்து விழுங்குவாள். நான் கறிவேப்பிலை போடாமலே தாளிக்கப் பழகினேன். இதை உங்களிடம் வந்து சொன்னேன். “கண்ணுக்கு நல்லதுதான, தின்னட்டும்” என்றீர்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். நானும் உங்களுக்கு ஒரு பேர் வைப்பேன். கல்லறை வரை கூட வருகிற பேர்.

வைத்தும் பார்த்தேன். எனக்கு அந்த வித்தை வரவில்லை. ‘சைரன்’ என்று ஆரம்பித்தேன். மீன்காரியிடம், “சைரன் வீட்டுல என்ன மீன் குடுத்த?” என்று கேட்டால், “எந்த சைரன், ஹார்பர் சைரனா?” என்கிறாள். ‘கூர்மிளகா’ என்றேன், ‘வெந்நி’ என்றேன். ஒன்றும் ஒட்டவில்லை. பேர் வைக்க மனசில் சிரிப்பு வேண்டும் போல. எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல் மட்டும்.

கடைசியில் வழியைக் காட்டிக்கொடுத்ததும் நீங்கள்தான். எங்கள் கடையில் அஞ்சலி பேனருக்கு ஆர்டர் எடுக்கும்போது முதலில் கேட்பது பட்டப்பேர். பேருக்குப் பக்கத்தில் ‘(எ)’, அதாவது ‘என்கிற’ என்று போட்டு அதை அடிக்காவிட்டால் செத்தது யாரென்று தெரியாமல் அடக்கத்துக்கு ஆள் வராது. ஒரு தடவை ரெண்டாம்மணியின் தம்பி தவறிப்போனார். நான் அவசரத்தில் தம்பி பேருக்குப் பக்கத்தில் ‘(எ) ரெண்டாம்மணி’ என்று அண்ணன் பட்டப்பேரை அடித்துவிட்டேன். பேனர் முக்கில் ஏறிய பிறகுதான் பார்த்தார்கள். “உசுரோட இருக்கவன் பேர சாவு பேனர்ல ஏத்திட்டியே, பாவி!” என்று அவர் கடைக்கே வந்து குதித்தார். ஓனர் அண்ணாச்சியிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அதற்குப் பிறகு தெருவில் ஒருத்தரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை. செத்தவர் பேராகிவிட்டதல்லவா, இருக்கிறவரை அழைத்தால் ஆகாதாம். நீங்கள் என்னிடம் வந்து சிரித்தீர்கள். “இருவது வருசம் நின்ன பேரு. ஒரு பேனர்ல கொன்னுபுட்டியேளா!”

அதை நான் மறக்கவில்லை.

நீங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் ஸ்கூலில் இருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு சண்டைகூடப் போடாமல் போய்விட்டீர்கள். அது நீங்கள் எனக்குச் செய்த கடைசி அநியாயம். கப்பலில் இருந்த உங்கள் மகன் அழுதுகொண்டே போன் பண்ணினான். “அத்தை, அம்மா படம் அனுப்பிருக்கேன். நீங்களே டிசைன் பண்ணிருங்க. வேற யாரும் கை வைக்க வேண்டாம்.”

உங்கள் படத்தைத் திரையில் வைத்து, பின்னால் மேகம் வைத்து, இரண்டு மெழுகுவர்த்தி வைத்தேன். பேரை அடித்தேன். ‘(எ)’ என்று போட்டுவிட்டு நிறுத்தினேன். அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. உங்களுக்குத்தான் பட்டப்பேர் கிடையாதே. ‘கொசுறு அத்தை’ என்று அடித்து, சரியா என்று உங்கள் மகனுக்கு அனுப்பினேன்.

“எந்நேரமும் அவளத்தான கூப்பிடுவாவ… நல்லாருக்கு அத்தை. போடுங்க” என்று பதில் வந்தது.

எல்லாரும் அதைப் பாசம் என்றே நினைத்தார்கள். பேனரைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், அது வேறு கணக்கு. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மீன்காரி கூடையை இறக்கி, சின்னவளைப் பார்த்து, “ஏளா கொசு…” என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்தாள். “செத்தவ பேருல்லா இப்ப. பிள்ளைக்கு ஆகாது. இவ நெசப்பேரு என்னம்மா?”

“மெர்லின்” என்றேன். எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். முப்பது நாளில் ஆட்டோக்காரர் மெர்லின் பாப்பா என்றார், ரேஷன் கடையில் மெர்லின். நீங்கள் வைத்த பேரை உங்களோடேயே கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி, மைனி. அந்த மாதம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் தம்பிக்கு மட்டும் புரிந்துவிட்டது. பேனரை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார். “தெரிஞ்சுதான் செஞ்சியா?”

“தெரிஞ்சுதான்.”

“பிள்ளைக்காவ செஞ்சியா, ஒனக்காவ செஞ்சியா?”

நான் ஸ்டூலை இழுத்துப் பரணுக்கு அடியில் போட்டேன். பிறகு, கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டு, செய்ததைச் சாமியாரிடம் சொன்னேன். செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறாயா, மனசு வருந்துகிறாயா அம்மா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி என்றேன். “அப்ப எதுக்கு வந்தே?” “யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு சாமி.” அவர் பெருமூச்சு விட்டு, மனஸ்தாபம் வந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். இன்னும் வரவில்லை.

இனி நேற்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து விளைமீன் பொரித்தேன். மூன்று தட்டிலும் ஆளுக்கொரு துண்டு வைத்தேன். ஜெனிட்டாவும் ரெக்சனும் பெரிய துண்டுக்குச் சண்டை. ஒருத்தன் கையைத் தட்டி, ஒருத்தியை அதட்டி, அடுப்பைக் குறைத்தேன். சட்டியில் ஒரு வால் துண்டு மிச்சமிருந்தது. கரண்டியில் எடுத்துத் திரும்பியபோது என் வாய் என்னைக் கேட்காமலே, “கொசுறுக்கு ஒரு கொசுறு” என்றது.

உங்கள் இழுவையோடு வந்தது, மைனி. அந்தக் கடைசி எழுத்தை நீங்கள் நீட்டுவீர்களே, அப்படியே.

“அம்மா! செத்தவங்க பேரு!” என்று ரெக்சன் கத்தினான். ஜெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள். சின்னவள் உள்ளங்கை விரிந்திருந்தது. நான் மீனை வைத்தேன். சுட்டிருக்கும், அவள் கையை இழுக்கவில்லை.

“அத்தை சொல்லுத மாதிரியே இருக்கும்மா” என்றாள். “இன்னொரு வாட்டி சொல்லு.”

நான் சொல்லவில்லை. “சாப்பிடு மெர்லின்” என்றேன். அவள் மெல்லத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். வாலை முழுசாகத் தின்று முடித்து, பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உங்களுக்காக இல்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வைத்த பேரைத் தெருவில் ஒருத்தர் விடாமல் எல்லார் வாயிலிருந்தும் பிடுங்கினேன். என் வாயைப் பார்க்கத் தவறிவிட்டேன். இப்போது அந்தப் பேர் இந்த ஊரில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் சொன்னால்தான் உண்டு, நான் சொல்ல மாட்டேன். மீன் பொரிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே ஸ்டூல் போட்டு ஏறினேன்.

வெயில் இறங்குகிறது. மிளகாய் சலசலவென்று காய்ந்திருக்கிறது, நாளைக்குத் திரிக்கக் கொடுத்துவிடுவேன். வாரும்போது உங்கள் படத்தின் கண் பக்கம் நாலைந்து விதை ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடவில்லை. மிளகாயை மட்டும் வாரிக்கொண்டு இறங்குகிறேன். நீங்கள் இன்னும் இரண்டு நாள் காயுங்கள், மைனி.